மச்சமில்லாத உருண்டைக் கறி

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பும் பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். முரசுமோட்டை வரை இரண்டு பக்கமும் வயல். தருமபுரம் கடந்த பின் வயல் குறைந்து மேட்டுநிலம் வரும். விசுவமடு, உடையார்கட்டுப் பக்கம் தென்னை, கச்சான், மரவள்ளி. பிறகு வள்ளிபுனமும் சுதந்திரபுரமும், அதன்பின் புதுக்குடியிருப்பு. இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் எங்கள் வாசகிகளில் பலருக்கு 2009 இன் முதல் மாதங்கள்தான் நினைவுக்கு வரும். அவர்கள் இந்த வீதியைக் கால்நடையாகக் கடந்தவர்கள். அவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை.

2024 ஆம் ஆண்டு வைகாசியில் நான் போனது வேறொரு அலுவலாக. புதுக்குடியிருப்பில் இருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களில் சிலர் காவி உடுத்து, தோளில் பையோடு வீதிக்கரையால் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மடியில் ஒரு கோவாவும் இரண்டு கட்டுக் கீரையும் வைத்திருந்தார். "இந்தக் கிழமை முழுக்க வீட்டில மச்சம் இல்லைப் பிள்ளை. பேரப்பிள்ளையள் முகத்தைத் தூக்கி வைச்சிருக்குதுகள்" என்றார்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் வைகாசி அப்படித்தான். பாக்குத்தெண்டல், தீர்த்தம் எடுத்தல், கடல்நீரில் விளக்கெரித்தல் என்று பொங்கல் வரை ஒவ்வொன்றாக நடக்கும்போது பல வீடுகளில் மீன்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டுவிடும். மே 18 நினைவு நாளும் அதே பருவத்தில் வந்துவிடுகிறது. அந்தக் கஞ்சியும் இந்தப் பொங்கலும் சில வருடங்களில் ஒரே கிழமைக்குள்.

கூட்டம் முடிந்ததும் நான் போக நினைத்திருந்த வீடு ஒன்று இருந்தது. அதைப்பற்றிச் சொல்வதற்கு முன் 2013 ஐப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிது. மீள்குடியேறிய பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி கொடுக்கும் திட்டம். எனக்கு ஒதுக்கப்பட்ட பயனாளிகளில் இந்த அக்காவும் ஒருவர். கணவர் முள்ளிவாய்க்காலில் போனவர். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. தகரக் கொட்டில், கிடுகு மறைப்பு, ஒரு கிணறு. எங்கள் பட்டியலில் இருந்ததில் அவருக்குக் கிடைத்தது இறைச்சிக் கோழி வளர்ப்பு: ஐம்பது குஞ்சுகள், கூடு, ஆறு கிழமைக்கான தீவனம்.

அக்கா குஞ்சுகளை நன்றாகத்தான் வளர்த்தார். செத்தது இரண்டோ மூன்றோ. உயிருடன் விற்பதைவிட உரித்துத் துண்டாக்கி விற்றால் இலாபம் கூட என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தோம். விற்கும் நாள் வந்தது. அவர் அத்தனையையும் ஒரு வியாபாரிக்கு உயிரோடு, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். தீவனக் காசைக் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சியது சொல்லக்கூடிய தொகை அல்ல. இரண்டாந்தரம் குஞ்சு கொண்டுபோனபோது, "வேண்டாம் மிஸ், வேற ஆருக்கும் குடுங்கோ" என்றார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் பேசாமல் நின்றார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று மாலை இன்னும் நான்கு வீடுகள் பார்க்க இருந்தன. படிவத்தில் "பயனாளிக்கு ஆர்வம் குறைவு" என்று எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

அந்த மூன்று சொற்களால் அவருடைய பெயர் அடுத்த கட்ட உதவிப் பட்டியலில் இருந்து நீங்கியது. அதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தேன்.

பிறகு பல வருடம் கழித்து, முல்லைத்தீவில் ஒரு பயிற்சிப் பட்டறையில் தேநீர் இடைவேளைக்குப் பலகாரம் வந்தது. தட்டில் தேசிக்காயளவு உருண்டைகள். இறைச்சிக் கட்லெட் என்று நினைத்து எடுத்தேன். கௌபி. உள்ளே கரட்டும் முருங்கையிலையும். யார் செய்தது என்று கேட்டபோது அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னார்கள், அந்த அக்காவின் பெயரையும்.

அதுதான் 2024 இல் நான் அந்த வீட்டுக்குப் போன காரணம். ஓட்டோவில் இறங்கும்போது உள்ளே கொஞ்சம் பயமும் இருந்தது. வீடு இப்போது கல்வீடு. வேலியோரம் முருங்கை, பின்வளவில் மரவள்ளி. கச்சான் கிண்டின தறையில் ஒரு பகுதிக்குக் கௌபி போட்டிருந்தார்கள். குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியே, ஓலைக் கூரையோடு. அதற்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருவர் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, பாயில் வசதியாக இருந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க நிண்டு செய்யிற வேலையெண்டால் என்னால ஏலாது, இது இருந்து செய்யலாம்" என்றார், நான் கேட்காமலே.

அக்கா என்னை அடையாளம் கண்டார். "மிஸ்ஸெல்லோ! வாங்கோ, வெய்யிலுக்கால வந்திருக்கிறியள்" என்று கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்க, "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, ஆள் காணாது" என்றார். கோயிலடியில் நேர்த்தி வைத்த ஒரு வீட்டுக்கு அன்று மாலை முந்நூறு உருண்டை கொடுக்க வேண்டியிருந்தது.

வேலையில் சேர்ந்துகொண்டதால்தான் அதன் நுணுக்கம் எனக்குத் தெரிய வந்தது. வாசித்து மட்டும் செய்தால் உடையும். என் வீட்டில் முதல் தடவை தாச்சியில் எல்லாம் கலைந்து கௌபிச் சுண்டலாகப் போனது.

வீட்டுக்குச் செய்வதென்றால் 250 கிராம் கௌபி போதும். முதல்நாள் இரவு ஊறப் போட்டு, காலையில் புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். விரலால் நசித்தால் நசிய வேண்டும், ஆனால் தோல் கழன்று கூழாகக் கூடாது. உப்பைக் கடைசியில் போடலாம். அவிந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, கௌபியைச் சுளகில் பரவி ஆறவிட வேண்டும். நான் விட்ட பிழை இந்த இடத்தில். சூட்டோடு மசித்தேன், ஈரம் உள்ளே நின்றுவிட்டது. அக்கா வீட்டில் அரைமணி நேரமாவது காற்றில் கிடக்கிறது. வடித்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, அது ரசத்துக்குப் போகிறது.

ஆறியதை உரலில் இட்டு இரண்டு மூன்று குத்து. பாதி மசிய வேண்டும், பாதி பருக்கையாக நிற்க வேண்டும். முழுக்க அரைத்தால் வாயில் களிபோல இருக்கும். இறைச்சி உருண்டையைக் கடிக்கிற மாதிரி ஓர் உணர்வு அந்தப் பருக்கையால்தான் வருகிறது.

ஒட்டுவதற்கு முட்டையோ கோதுமை மாவோ இல்லை. அவித்து மசித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு பெரிய கைப்பிடி, வறுத்த சிவப்பரிசி மா நான்கு மேசைக்கரண்டி. மரவள்ளியை மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை அப்படித்தான் குறையும். மரவள்ளி சேருவதால் இந்த உருண்டைக்கு இஞ்சி போடுவதில்லை. இரண்டும் சேரக்கூடாது என்று எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்வார்கள். நான் அதில் விவாதிக்கப் போவதில்லை, உள்ளி போட்டால் மணம் போதுமானது.

மரக்கறியில் எது கிடைக்கிறதோ அது. அன்று கரட்டும் போஞ்சியும் முருங்கையிலையும். மிகப் பொடியாக அரிந்து, தாச்சியில் எண்ணெய் விடாமல் சற்று வதக்கி நீர் வற்றவைத்தபின் சேர்த்தார்கள். கோவாவும் நல்லது, ஆனால் உப்புத் தூவிப் பிழிய வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகத்தூள், மிளகுத்தூள். பிசைந்து முடிந்ததும் ஓர் உருண்டை பிடித்து, ஒரு முழ உயரத்தில் இருந்து தட்டில் போட்டுப் பார்த்தார் அக்கா. பிளக்கவில்லை. பிளந்தால் இன்னும் ஒரு கரண்டி மா. தேசிக்காயளவில் பிடித்தால் முப்பது வரும்.

முன்பு எல்லாவற்றையும் எண்ணெயில் பொரித்தார்களாம். 2022 இல் தேங்காயெண்ணெய் விலை ஏறி, காஸும் இல்லாமல் போனபோது, நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பது போல உருண்டைகளை அடுக்கிப் பதினைந்து நிமிடம் அவித்துப் பார்த்திருக்கிறார்கள். உடையவில்லை. ஆறினால் இன்னும் இறுகியது. அன்றிலிருந்து கறிக்கு அவித்தது, கடைக்குப் பொரித்தது. எனக்கு அவித்ததுதான் பிடித்தது. எண்ணெய் நாக்கை மறைக்காததால் கௌபியின் ருசி தெரிகிறது.

கறி வழமையான பால்கறிதான். வெங்காயம், உள்ளி, வெந்தயம் வதக்கி, கறித்தூள் போட்டு, கப்பிப்பாலும் கொஞ்சம் பழப்புளியும் விட்டுக் கொதிக்க வைத்து, கடைசியில் முதற்பால். உருண்டை ஆறியபின்தான் கறிக்குள் இறங்க வேண்டும். இறங்கியபின் அகப்பை போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஆட்ட வேண்டும். ஐந்து நிமிடம். இறக்கித் தேசிக்காய்ப் புளி.

தேசிக்காய் ருசிக்கு மட்டுமல்ல. பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது; புளிப்புப் பழங்களில் உள்ள விற்றமின் சி அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த உதவி வீணாகும். எங்கள் பெண்கள் செய்கிற பெரிய பிழை இந்தத் தேநீர். ஒரு மணித்தியாலமாவது பொறுக்கலாம்.

புரதத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில துண்டுப்பிரசுரங்கள் கௌபியை இறைச்சிக்குச் சமம் என்று எழுதிவிடுகின்றன. காய்ந்த கௌபி 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அவித்தால் தண்ணீர் ஏறி, அதே 100 கிராமில் 8 கிராம் அளவாகிவிடும். மேலே சொன்ன கணக்கில் ஓர் உருண்டைக்கு 2 கிராம். வளர்கிற பிள்ளைக்கு ஐந்து உருண்டையாவது வைத்தால்தான் பிரயோசனம். சோற்றோடு சாப்பிடும்போது அரிசியில் குறைவான புரதக்கூறைப் பயறும், பயற்றில் குறைவானதை அரிசியும் ஈடுசெய்யும். விற்றமின் பி12 மட்டும் பயற்றிலோ மரக்கறியிலோ கிடைக்காது. இறைச்சி சேர்க்காத வீடுகளில் பாலோ முட்டையோ மீனோ இருக்க வேண்டும்.

உருண்டை பிடிக்கும்போதுதான் அக்கா கதை சொன்னார். கேட்கிற கேள்விக்குப் பதிலாக அல்ல, கை வேலை செய்துகொண்டிருக்க வாய் தானாகப் பேசியது.

"செட்டிகுளம் முகாமில தொடங்கினது இது. நிவாரணத்தில பருப்பும் கோதுமை மாவும் தாறவை. மூண்டு கல்லு வைச்சு, பருப்பை அவிச்சு மாவில உருட்டிக் கறியா வைச்சுக் குடுத்தன். சின்னவனுக்கு அப்ப மூண்டு வயசு. பக்கத்துத் தறப்பாள் அம்மா பகிடிக்கு 'இறைச்சி உருண்டை'யெண்டு சொல்லிப்போட்டா. அவன் அதை நம்பீட்டான். பள்ளிக்கூடம் போகுமட்டும் இறைச்சியெண்டால் இதுதானெண்டு நினைச்சவன்."

பெரியவனானபின் ஒரு கலியாண வீட்டில் உண்மையான இறைச்சியைக் கண்டு, "இது இறைச்சியில்லை" என்று சண்டை பிடித்தானாம். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு, நான் 2013 இல் பொறுமையாக நின்று கேட்டிருக்க வேண்டியதை அவரே சொன்னார். "கடைசி நாளையில பங்கருக்கு வெளிய கண்டதைக் கண்டாப்பிறகு எனக்கு இறைச்சியைத் தொடேலாமப் போச்சு. மீன் ரெண்டு வருசத்தில பழகீட்டுது. இறைச்சி ஏலாது. கோழி வளக்கலாம். கத்தி எடுக்கேலாது. மாமி ஏசுவா, பிள்ளையளைப் பட்டினி போடுறனெண்டு. மிட்வைஃப் மிஸ் சின்னவன்ர நிறையைப் பாத்திட்டு இறைச்சி, முட்டை குடுக்கச் சொன்னவ. முட்டை குடுத்தன். மற்றதுக்கு என்ன செய்யிறது? அதான் பருப்பை விட்டுட்டுக் கௌபியில செய்யத் தொடங்கினது."

வெட்டுப் பலகைக்கு முன்னால் நிற்க முடியாதவர்கள், சந்தையில் இறைச்சிக் கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறவர்கள் எங்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அதை விரதம் என்று சொல்லுவார்கள், வருத்தம் என்று சொல்லுவார்கள், பிடிக்காது என்று சொல்லுவார்கள். சமூகவியல் படித்த எனக்கு வாழ்வாதாரப் பட்டியல் தயாரிக்கும்போது இது தோன்றியிருக்க வேண்டும். கோழி, ஆடு, தையல் மெஷின் என்று மூன்று பெட்டிகள், அதில் ஒன்றுக்கு அடையாளம் போட்டால் போதும் என்று இருந்தோம்.

உருண்டைக்கு ஒரு பழைய ஊர்சுற்றிய கதையும் உண்டு. கொழும்பில் பறங்கியர் வீடுகளில் லம்பிறைஸ் சாப்பாட்டோடு வைக்கிற ஃப்ரிக்கடெல் என்ற இறைச்சி உருண்டை ஒல்லாந்தர் வழியாக வந்தது. எங்கள் தேநீர்க் கடைக் கட்லெட்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயர்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவையள் மாட்டிறைச்சியில செய்தவை, நாங்கள் நிவாரணப் பருப்பில செய்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

2019 இல் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு நாளுக்கு நாற்பது உருண்டையோடு தொடங்கியிருக்கிறார். அதற்கு யாரும் உதவி செய்யவில்லை, நுண்கடனும் எடுக்கவில்லை. கடன்காரர் வாசலில் வந்து நின்ற வீடுகளை அவர் அயலிலேயே பார்த்திருந்தார். தோட்டு விற்ற காசில் பெரிய சட்டி ஒன்று, மா அரைக்கக் கொஞ்சம். மகள் கணக்கு எழுதினாள். வைகாசியிலும் கந்தசஷ்டி, நவராத்திரி நாட்களிலும் ஓடர் கூட. மழை மாதங்களில் விறகு ஈரமாகி வேலை படுத்துவிடும். ஏ9 வீதியில் கிளிநொச்சி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் மச்சமில்லாத பலகாரங்களைச் செய்து விற்பதைப் போய்ப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு இடம் இந்தப் பக்கத்திலும் கிடைத்தால் நல்லது என்றார். ஆனால் அதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரித் தெரியவில்லை.

மத்தியானம் சோறும், முருங்கையிலைச் சுண்டலும், உருண்டைக் கறியும். மகன் பாடசாலை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். ஆறு உருண்டை எடுத்தான். எண்ணினேன். தாயைவிட ஒரு சாண் உயரம்.

மற்ற இருவரும் கிணற்றடிக்குப் போனபோது நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். என்ன எழுதினேன், அதனால் என்ன நடந்தது என்பதையும். அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இரண்டாவது சட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆர்வம் குறைவு" என்று திரும்பச் சொல்லிப் பார்த்தார். சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. "கோழிக்கு ஆர்வமில்லைத்தானே, அது பொய்யில்லை. ஆனால் அந்த வருசம் சின்னவனுக்குச் சப்பாத்து வாங்க எனக்குக் காசிருக்கேல்லைத் தங்கச்சி."

மிஸ் என்பது எப்போது தங்கச்சி ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

"சட்டியைப் பார், அடிப்பிடிக்கப் போகுது" என்றார். நான் எழும்பி அகப்பையைத் தேடினேன். "அகப்பை வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" துணியை மடித்துச் சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஆட்டினேன்.